மோரீசுத் தீவின் வல்லூறும் பாலாற்றங்கரையோர் கடமையும்

உலகத்தில் ஓர் உயிரினம் அடியோடு அழிந்துபோதல் ஓர் அரசு வீழ்வதினும் பெரிய நிகழ்ச்சியாகும். வீழ்ந்த அரசின் இடத்தில் பிறிதோர் அரசு எழும். செல்லரித்த ஏட்டுச் சுவடிக்கும் எங்கேனும் மற்றொரு படி கிடைத்தல் கூடும், உ. வே. சாமிநாதையரைப் போன்ற பெரியார் ஒருவர் ஊர் ஊராகத் திரிந்து அதனைத் தேடிக் கொணர்ந்து அச்சேற்றுதலும் கூடும். ஆனால், ஓர் இனத்தின் கடைசிப் பேடை மாய்ந்தபின் அவ்வினத்தை எந்தப் பரணிலிருந்தும் எவரும் எடுத்து வருதல் இயலாது. நான்கே பறவைகள் என்னும் நிலைவரை தாழ்ந்து, பின்னர் மீண்டெழுந்த ஒரு சிறு வல்லூற்றின் வரலாற்றை ஈண்டுக் கூறி, அதனின்று பாலாற்றங்கரையில் வாழும் நாம் கற்கத்தக்கது யாதென எம் கருத்தை உரைக்க விரும்புகின்றோம். தோல் பதனிடும் ஊரினர்க்கும் கடல் நடுவே வாழும் பறவைக்கும் என்ன உறவு என்று வினவும் நண்பர்கள் சற்றுப் பொறுத்துக் கேட்பாராக.

வல்லூறு நம் மொழிக்குப் புதிய பறவையன்று. வல்லூறு, புல்லூறு, எழால், இராசாளி எனப் பல பெயர்களால் இரை கொல்லும் பறவைகளைத் தமிழர் பிரித்தறிந்திருந்தனர். குறுந்தொகையின் 151-ஆம் பாட்டில் வங்கா என்னும் பறவையின் பேடையை எழால் தாக்கும் செய்தி வருகின்றது. திருமறையில் யோபின் ஆகமம் 39-ஆம் அதிகாரத்திலும், தென்திசை நோக்கிச் சிறகு விரிக்கும் இராசாளியைக் காட்டி, அவ்வறிவை அதற்கு ஈந்தவன் நீயோ என்று யோபுவை ஆண்டவர் வினவுகின்றார். பருவந்தோறும் திசை மாறிச் செல்லும் இப்பறவைகளின் பயணம் வியக்கத்தக்கதே. அமூர் வல்லூறு என்பது சைபீரியாவையும் வடசீனத்தையும் விட்டுப் புறப்பட்டு, நாகாலாந்தில் இளைப்பாறி, அரபிக் கடலையும் தாண்டி ஆப்பிரிக்காவின் தென்பகுதியை அடைகின்றது.

யாம் கூறவந்த வல்லூறோ எங்கும் செல்லாதது. இந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தொலைவில் கிடக்கும் மோரீசுத் தீவு ஒன்றே அதற்கு உலகம். உலகில் வேறெங்கும் அவ்வினம் இயற்கையாக வாழ்ந்ததில்லை. அதன் இனத்துப் பிற பறவைகளுக்கு வாள்போல் நீண்டு கூர்ந்த சிறகுகள் உண்டு. இதற்கோ குறுகி வட்டமான சிறகுகள். திறந்த வெளியில் விரைந்து பாய்தற்கு அவை உதவா. அடர்ந்த மரங்களுக்கிடையே வளைந்து நெளிந்து பறத்தற்கே ஏற்றன. மரக்கிளைகளில் ஊரும் பச்சைப் பல்லிகளே அதன் தலையாய உணவு. தும்பியும் சிள்வண்டும் சிறு குருவியும் அதற்குத் துணையுணவு. மரப்பொந்துகளிலும் பாறைப் பிளவுகளிலும் பெரும்பாலும் மூன்று முட்டைகள் இட்டுக் குஞ்சு பொரிக்கும். காடு இருந்தால் அப்பறவை உண்டு. காடு போயின் அதற்குப் புகலிடம் இல்லை. கடல் தாண்டிப் போகவும் அதன் சிறகுகளால் ஆகாது.

அத்தீவு நமக்கு அயலும் அன்று. பிரெஞ்சுக்காரர் அதனை ஆண்ட 18-ஆம் நூற்றாண்டிலேயே புதுச்சேரிப் பக்கத்துக் கைவினைஞராகிய தமிழர் ஆங்குக் குடியேறினர். பின்னர் ஆங்கிலேயர் ஆட்சியில், 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக ஏறத்தாழ ஐந்து இலக்கம் இந்தியர் ஆங்குக் கப்பலேறினர். அவருள் சென்னை மாகாணத்துத் தமிழரும் பலர். அவர்கள் கரையிறங்கிய படித்துறை இன்று ‘ஆப்பிரவாசி காட்’ என்னும் பெயரோடு, 2006 முதல் உலக மரபுச் சின்னமாகப் போற்றப்படுகின்றது. அந்நாட்டுப் பணத்தாள்களில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் உள்ளன. 1998-இல் வெளியிட்ட புதிய தாள்களில் தமிழின் இடம் மாறியபோது ஆங்குள்ள தமிழர் கிளர்ந்தெழவே, அரசு அத்தாள்களைத் திரும்பப் பெற்றது. தைப்பூசக் காவடித் திருநாள் ஆங்கு நாடு முழுமைக்கும் விடுமுறை. நம் கடைவீதியில் ‘மோரிஸ் பழம்’ என்று தாரோடு தொங்கும் வாழையும் அத்தீவின் பெயரையே தாங்கியுள்ளது. ஆதலின் அத்தீவின் கதை ஒருவகையில் நம் உறவினர் வீட்டுக் கதையேயாகும்.

இனி, அப்பறவை தாழ்ந்த வரலாற்றைக் காண்போம். 1598-இல் ஒல்லாந்தர் அத்தீவில் இறங்கியபோது அது கரை முதல் மலைமுடிவரை காடாக இருந்தது. பறக்க மாட்டாத டோடோ என்னும் பெரும் பறவை அக்காட்டில் அச்சமின்றி உலாவியது. 1662-இல் அதனைக் கண்டதாகக் கூறியதே நம்பத்தக்க கடைசிச் செய்தி. ஒரு நூற்றாண்டு நிறைவதற்குள் அப்பறவை ஒழிந்தது. வல்லூறோ காட்டின் உட்பகுதிக்குள் ஒதுங்கி மேலும் முந்நூறு ஆண்டுகள் உயிர் தாங்கியிருந்தது. காடோ ஆண்டுக்காண்டு சுருங்கியது. முதலில் கருங்காலி மரத்துக்காகவும், பின்னர்க் கரும்புக் கொல்லைகளுக்காகவும் அதனை வெட்டினர். வெட்டச் சொன்னவர் வெள்ளைத் துரைமார். வெட்டிய கைகளோ ஆப்பிரிக்க அடிமைகளுடையனவும் நம் கூலி மக்களுடையனவும் ஆகும். நல்ல நிலையிலுள்ள பழங்காடு இன்று அத்தீவின் பரப்பில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை.

கப்பல்களோடு வந்திறங்கிய குரங்கும் எலியும் பூனையும் பறவைகளின் கூட்டைச் சூறையாடின. எலிகளை ஒழிப்பதற்கென்று 1900-இல் நம் நாட்டுக் கீரியை ஆங்குக் கொண்டுபோய் விட்டனர். கீரி எலியை ஒழிக்கவில்லை. எலியோடு பறவையையும் சேர்த்துத் தின்னத் தலைப்பட்டது. ஒரு தீமையைத் தீர்க்க வந்த மருந்து பிறிதொரு நோயாக மாறியமை இது முதலாவது.

இரண்டாவதன் செய்தி இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. மோரீசுத் தீவினரை மலேரியாக் காய்ச்சல் வாட்டியது கொஞ்சமன்று. 1867-ஐ ஒட்டிய கொள்ளைநோய்க் காலத்தில் அது பல்லாயிரவரை மாய்த்தது. மாண்டவருள் தோட்டக் கூலிகளாகச் சென்ற இந்தியர் மிகப் பலர். மலேரியாவைப் பரப்புவது கொசுவே என நிறுவிய ரொனால்டு ராஸ் என்பார் 1907-இல் அத்தீவுக்கே சென்று ஆராய்ந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் டி.டி.டி. என்னும் பூச்சிகொல்லி வந்தது. வீடுகளின் சுவரெங்கும் அதனைத் தெளித்தனர். கொசு மடிந்தது. 1973-இல் அத்தீவு மலேரியா நீங்கிய நாடு என உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. எத்துணைத் தாய்மாரின் கண்ணீர் அதனால் துடைக்கப்பட்டது! அம்மருந்தைப் பழிப்பதற்கு யாம் ஒருப்படோம்.

ஆயினும் மருந்து சுவரோடு நிற்கவில்லை. வயல்களிலும் அதனைத் தெளித்தனர். டி.டி.டி. எளிதில் சிதையாதது, உண்ட உயிரின் கொழுப்பில் தங்கி நிற்பது. பூச்சியில் சிறு துளியாக இருந்தது, பல பூச்சிகளை உண்ட பல்லியில் மிகுந்தது. பல பல்லிகளை உண்ட பறவையில் இன்னும் திரண்டது. இவ்வாறு நஞ்சேறிய பறவைகளின் முட்டையோடு மெலிந்து, தாய் அடைகாக்க அமரும்போதே உடைந்துவிடும் என்பதனை இங்கிலாந்தில் டெரெக் ராட்கிளிஃப் என்னும் அறிஞர் 1967-இல் வெளிப்படுத்தினார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பொரி வல்லூறு அருகிப் போனமைக்குக் காரணம் இதுவேயெனக் கண்டு, அமெரிக்க அரசு 1972-இல் அம்மருந்தின் பொதுப் பயன்பாட்டைத் தடுத்தது. காட்டையும் கூட்டையும் இழந்து நலிந்திருந்த மோரீசு வல்லூற்றையும் இந்நஞ்சே இறுதிப் படிக்குத் தள்ளியது என ஆய்வாளர் கருதுகின்றனர். 1974-இல் எண்ணியபோது காட்டில் எஞ்சியவை நான்கே. அவற்றுள்ளும் குஞ்சு பொரிக்கத்தக்க பேடை ஒன்றே. உலகில் அந்நாளில் அதனினும் அரிய பறவை இருந்ததாகத் தோன்றவில்லை.

ஈண்டு ஒரு சிறு செய்தியைச் சொல்லாமல் மேற்செல்லுதல் தமிழ் பயிலும் எமக்கு இயலாது. அத்தீவின் மக்கள் அவ்வல்லூற்றுக்கு இட்டு வழங்கிய பிரெஞ்சுப் பெயருக்குக் ‘கோழி தின்னி’ என்பது பொருள். பல்லி தின்னும் பறவை, பாவம், என்றைக்குக் கோழி தின்றது? அதன் உடலோ ஒரு புறாவின் உடலினும் சிறிது! ஆயினும் அப்பெயரை நம்பினோர் கண்டவிடத்தெல்லாம் அதனைச் சுட்டும் கல்லெறிந்தும் கொன்றனர். பொய்ப் பெயர் ஒன்று எத்துணை உயிரைக் குடிக்கும் என்பதற்கு இதனின் வேறு சான்று வேண்டா. சொல்லை ஆளுவோர் சொல்லுக்குப் பொறுப்பாவர். நம் ஊர்களில் மனிதர்க்கும் தொழிலுக்கும் சேரிக்கும் இட்டு வழங்கும் பெயர்களை நினைப்பார்க்கு இதன் பொருள் விளங்கும்; விரித்துரைத்தல் மிகை.

இனி, இக்கதையின் நடுவிடத்துக்கு வருவோம். நான்கு பறவைகள் எஞ்சியபோது அறிஞர் இரு கட்சியாயினர். 1979-இல் நார்மன் மையர்ஸ் என்னும் புகழ் வாய்ந்த ஆசிரியர் ‘மூழ்கும் பேழை’ என்னும் பொருளுடைய தலைப்பில் ஒரு நூல் எழுதினார். பணமோ குறைவு, அழியும் உயிரோ பல. ஆகவே, பிழைத்தற்கு வழியில்லாத மோரீசு வல்லூற்றை அதன் விதிக்கு விட்டுவிட்டு, அப்பணத்தைப் பிழைக்கத்தக்க பிற பறவைகளுக்குச் செலவிடலாமே என்பது அந்நூலில் அவர் எழுப்பிய வாதம். இது கொடியவர் வாதமன்று. உயிர்களிடத்து அன்புடையவர் ஒருவர், உள்ள பணத்தைக் கணக்கிட்டுக் கூறிய வாதமேயாகும். ஆதலின் இதனை எள்ளி நகையாடாது எதிர்கொள்ளல் வேண்டும்.

அவர் தம் நூலுக்குப் பேழை என்று பெயரிட்டமையே எமக்கு வியப்பைத் தருகின்றது. நோவா தன் பேழையின் வாயிலில் நின்று, இது பிழைக்கும் இது பிழையாது என்று கணக்குப் பார்த்தவன் அல்லன். சுத்தமானதும் சுத்தமல்லாததும், ஊர்வதும் பறப்பதும், இணையிணையாக உள்ளே சேர்க்கப்பட்டன. எஞ்சியிருப்பது ஒரே இணை என்பது அவனுக்குக் கைவிடுதற்குக் காரணமாகவில்லை. அதுவே காத்தற்குக் காரணமாயிற்று.

அவ்வாண்டிலேயே, 1979-இல், வேல்ஸ் நாட்டினராகிய கார்ல் ஜோன்ஸ் என்னும் இளைஞர் மோரீசுத் தீவுக்கு வந்தார். அப்போது அவருக்கு அகவை 25 அளவினதே. நடந்துகொண்டிருந்த முயற்சியை முடித்துக் கதவை அடைத்துவிட்டு வருமாறே அவரை அனுப்பிய சங்கத்தார் கூறியிருந்தனர். அவரோ கதவை அடைக்கவில்லை. நாற்பதாண்டுகளுக்கு மேலாக அத்தீவின் உயிர்களுக்கே உழைத்தார். அவர் செய்த வேலையில் மந்திரம் ஒன்றுமில்லை. செங்குத்தான பாறைகளில் ஏறி, பேடை இட்ட முதல் ஈட்டு முட்டைகளை எடுத்துவந்தார். முட்டையை இழந்த பேடை மறுமுறையும் இட்டது. எடுத்த முட்டைகளைப் பொறியிலிட்டுப் பொரிக்கச் செய்து, குஞ்சுகளைக் கையால் ஊட்டி வளர்த்தார். காட்டுப் பறவைகளுக்கு வெள்ளெலிகளை உணவாக வைத்தார். மரப்பொந்து இல்லாத இடங்களில் பெட்டிக் கூடுகளை அமைத்தார். கீரியையும் பூனையையும் பொறி வைத்துப் பிடித்தார். ஜெரால்டு டரல் நிறுவிய ஜெர்சித் தீவின் உயிர்க்காப்பு அறநிலையமும், அமெரிக்க நாட்டு வல்லூறு வளர்ப்போரும் துணை நின்றனர். 1984 முதல் 1994 வரையுள்ள பத்தாண்டுகளில் 331 வல்லூறுகள் காட்டில் விடப்பட்டன. நான்காக இருந்த இனம் இருநூறைத் தாண்டியது. இளஞ்சிவப்புப் புறாவும் அத்தீவுக்கே உரிய பச்சைக்கிளியும் இம்முறையினாலேயே பின்னர் மீட்கப்பட்டன.

பறவையும் தன் பங்குக்கு ஒன்று செய்தது. மரப்பொந்தில் கூடு கட்டிக் குரங்குக்குக் குஞ்சுகளைப் பறிகொடுத்துவந்த அவ்வினத்தில், 1974-இல் ஓர் இணை குரங்கு எட்ட இயலாத பாறைப் பிளவில் கூடமைத்துக் குஞ்சுகளை வளர்த்தது. பாறையில் பிறந்த குஞ்சுகள் வளர்ந்தபின் பாறையையே நாடின. புகலிடம் மாறியது, குலம் தழைத்தது. இன்றுள்ள மோரீசு வல்லூறுகளில் பெரும்பாலன அந்நாளில் எஞ்சிய ஒரே இணையின் வழித்தோன்றல்கள் என்பர். ஒரே சுவடியினின்று படியெடுத்த நூல்போல அவை வாழ்கின்றன. படியெடுத்தல் நிகழ்ந்தது, ஆயினும் இழந்த ஏடுகள் இழந்தனவே. அவ்வினத்தின் பரம்பரைச் செல்வத்தில் பெரும் பங்கு திரும்பாது போயிற்று என்பதும் ஆராய்ச்சியால் தெளிந்ததாகும்.

இக்கதை இவ்விடத்தே இனிது முடிந்தது என்று எழுதுதல் எளிது, உண்மையன்று. 1994-இல், இனி அச்சமில்லை என்று வளர்ப்பு வேலை நிறுத்தப்பட்டது. மேலும் சில ஆண்டுகள் எண்ணிக்கை ஏறியது. பின்னர் இறங்கத் தொடங்கியது. 2014-இல் அப்பறவை மீண்டும் அழிவுக்குள்ளாகும் இனங்களின் வரிசையில் சேர்க்கப்பட்டது. இன்று சில நூறு பறவைகளே உள்ளன. 2022-இல் மோரீசு நாடு அதனைத் தன் தேசியப் பறவையாக அறிவித்தது. ‘கோழி தின்னி’ என்று கல்லெறியுண்ட பறவை கொடிக்குரிய பெருமை பெற்றமை மகிழத்தக்கதே. ஆயினும் பட்டம் சூட்டுதல் கூடு கட்டித் தருதல் ஆகாது. காத்தல் என்பது திருவிழாவன்று. அது தினப்படி செய்யும் பணிவிடை.

“வயிறு நிறைந்தவர்க்குப் பறவைப் பேச்சு பொழுதுபோக்காகலாம். எங்கள் வீட்டு அடுப்பு தோல் ஷாப்புக் கூலியால் எரிகின்றது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் எண்ணற்ற பெண்மக்கள் செருப்புத் தொழிற்சாலைக்குப் போய் வந்தே பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புகின்றனர். மனிதனுக்குப் பிறகன்றோ பறவை?” என்று நம் நண்பர் சிலர் வினவுவர். இவ்வினா நேர்மையானது. எம்முடன் பயில்வோருள் பலர் அக்கூலியால் வளர்ந்தவரே. ஆதலின் தொழில் ஒழிக என்பது எம் கூற்றன்று. தொழிலை ஒழித்தால் ஆறு தெளியும் என்போர் அத்தொழிலால் உண்பவர் வீட்டுப் படியை மிதித்தறியாதவர்.

விடையைத் தமிழர் நெடுநாளாகப் போற்றிவரும் ஒரு கதையிலேயே காணலாம். சோழர் தம் முன்னோனாகக் கொண்ட சிபி மன்னனிடம் புறா ஒன்று புகலடைந்தது. துரத்திவந்தது வல்லூறு என்பாரும் பருந்து என்பாரும் உளர். இக்கதையைக் கேட்கும் நாமெல்லாம் புறாவையே நினைக்கின்றோம். ஆனால், அவ்வரசன் வல்லூற்றை மறந்தானல்லன். அதற்கும் பசி உண்டு, அதன் கூட்டிலும் குஞ்சு உண்டு என்று உணர்ந்தான். அதனைக் கல்லெறிந்து விரட்டியிருத்தல் எளிது; வேற்றுயிர் ஒன்றைப் பிடித்து அதற்கு எறிதல் அதனினும் எளிது. இரண்டையும் செய்யாது, துலாக்கோலைக் கொணர்வித்துத் தன் தசையை அரிந்து வைத்தான். அக்கதையின் அறம் இரக்கம் மட்டும் அன்று. காத்தலுக்குரிய விலையைப் பிறர் தலையில் சுமத்தாது தானே செலுத்துதலும் ஆகும். புறாவுக்கும் வல்லூற்றுக்கும் இடையே ஒன்றைத் தெரிந்துகொள் என்பதனை அவன் ஏற்கவில்லை. மனிதனா பறவையா என்று நம்மிடம் வினவுவோர்க்கும் அதுவே விடை.

இனி, நம் துலாக்கோலில் யாருடைய தசை வைக்கப்பட்டுள்ளது என்று பார்ப்போம். முன்னாளில் ஆவாரம்பட்டையால் தோலைப் பதனிட்டனர். பின்னர்க் குரோமிய உப்பு அவ்விடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகும் என்றும், பதனிடுதலில் 170 வகை வேதிப்பொருள்கள் பயன்படுகின்றன என்றும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே கூறுகின்றது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் வழங்கிய அத்தீர்ப்பு, இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதுமோ ஒரு பகுதியோ பயிரிடத் தகாததாயிற்று என்னும் ஆய்வையும் எடுத்துக்காட்டியது. கெடுத்தவனே ஈடு செய்ய வேண்டும் என்பதும், கேடு உறுதியாகும்வரை காத்திராது முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்பதும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று அத்தீர்ப்பு நாட்டியது. இந்தியாவெங்கும் சட்டம் பயில்வோர் இன்று வேலூரின் பெயரை அறிந்தது இதனாலேயே.

அதன்பின் 28 ஆண்டுகள் கழிந்தன. 2019-இல் நம் மாவட்டமே வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் எழுந்தன. ஆயினும் 2025 ஜனவரி 30-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்றின் கேட்டைக் குறித்துத் தீர்ப்பளிக்க நேர்ந்தது. பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு வழங்கவும், கேட்டைச் சீர்செய்ய ஒரு குழுவை அமைக்கவும் அது கட்டளையிட்டது. நல்ல தீர்ப்பு ஒன்றே போதுமாயின் இரண்டாவது தீர்ப்புக்கு இடமேது? இவ்விடத்திலேயே மோரீசு வல்லூறு நமக்கு ஆசிரியனாகின்றது. டி.டி.டி.யைத் தடுத்த சட்டம் வல்லூற்றை மேலும் சாகாமல் காத்தது. ஆனால், பாறையில் ஏறிய கால்களும் குஞ்சுக்கு ஊட்டிய கைகளுமே அதனைப் பிழைக்கச் செய்தன. நம்மிடமோ சட்டம் உண்டு. பாறையில் ஏறுவார் சிலரே.

மருந்து நஞ்சாவது கடலுக்கு அப்பால் மட்டும் நிகழ்வதன்று. நம் நாட்டின் பிணந்தின்னிக் கழுகுகளை எண்ணுக. தோல் உரித்தபின் எறியும் கால்நடை உடல்களை ஒரு பொழுதில் துப்புரவு செய்துவந்த பறவைகள் அவை. தோல் தொழிலின் ஊதியமில்லாத் தோட்டிகள் என்றே கூறலாம். மாட்டின் வலி தீர்க்க இட்ட டைக்ளோஃபினாக் என்னும் மருந்து, இறந்த மாட்டின் உடல் வழியாகக் கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது எனும் உண்மை 2004-இல் வெளியாயிற்று. 2006-இல் கால்நடைகளுக்கு அதனைப் பயன்படுத்தல் தடை செய்யப்பட்டது. அதற்குள் வெண்முதுகுக் கழுகில் ஆயிரத்துக்கு ஒன்றே எஞ்சியதென எண்ணத்தக்க நிலை வந்துவிட்டது. கீரி, டி.டி.டி., டைக்ளோஃபினாக், குரோமியம் ஆகிய நான்கையும் தீய நோக்கத்தோடு எவரும் கொணரவில்லை. நன்மை செய்ய வந்தவற்றின் கணக்கை இறுதிவரை பார்ப்பார் இல்லாமையே நான்கிலும் நேர்ந்த குறை.

ஆகவே எம் கருத்து இது: கணக்குப் பார்ப்பவராக நாம் ஆதல் வேண்டும். ஆண்டுதோறும் கூட்டம் கூடித் தீர்மானம் நிறைவேற்றுதலும், சுவரில் வாசகம் எழுதுதலும் போதா. நம் கல்லூரியில் ஒரு பதிவேடு தொடங்குக. சுற்றியுள்ள ஊர்களில் குறித்த சில கிணறுகளையும் ஏரிகளையும் தெரிந்தெடுத்து, ஒவ்வோராண்டும் அதே மாதத்தில் அவற்றின் நீரை வேதியியல் மாணவர் அளந்து எழுதுக. அந்நீர்நிலைகளில் காணும் பறவைகளை விலங்கியல் மாணவர் எண்ணி எழுதுக. தமிழ் பயிலும் நாமோ, அவ்வூர் முதியோரிடம் அமர்ந்து, அப்பறவைக்கும் செடிக்கும் மீனுக்கும் அவர் வழங்கும் பெயரைக் கேட்டு எழுதுவோம். எழால் எது, புல்லூறு எது என்று விரல் சுட்டிக் காட்டுவார் இன்றிச் சொற்கள் ஏட்டில் மட்டும் கிடக்கின்றன. பறவை அழிந்தபின் அதன் பெயருக்கு உரை எழுதுவதினும், பறவை இருக்கும்போதே அதன் பெயரைக் கற்றல் நன்று. முப்பது ஆண்டுகள் இடைவிடாது எழுதப்பட்ட அத்தகைய பதிவேடு ஒன்று, எந்த நீதிமன்றத்திலும் எந்தத் தொழிற்சாலை வாயிலிலும் பொய்யாக்க இயலாத சான்றாக நிற்கும்.

பழைய மாணவராகிய பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். உங்களுள் தோல் தொழிலை நடத்துவோரும், அதில் கணக்கெழுதுவோரும், அரசுப் பதவிகளில் இருந்து அதனை மேற்பார்ப்போரும் உளராதல் வேண்டும். உங்கள் ஆலைகளின் முன்வாயிலைக் காட்டுமாறு யாம் கேட்கவில்லை; நீர் வெளியேறும் பின்வாயிலைக் காட்டுங்கள். எங்களை உள்ளே விட்டு அளக்க விடுங்கள். நீர் தூயதாயின் அதனை யாமே ஊரறியச் சொல்வோம். தூயதன்றாயின் அதனைத் தூய்மை செய்தற்கு ஆகும் செலவை உழவன் வயலிலும் குழந்தையின் குடத்திலும் எழுதாது, செருப்பின் விலையில் எழுதுங்கள். அச்செருப்பை அணியும் ஊர்களும் அவ்விலையில் ஒரு பங்கைத் தாங்கட்டும். சிபியின் துலாக்கோல் வேண்டுவது இதுவே.

நான்கு பறவைகள் எஞ்சியபோது, இனிப் பயனில்லை என்று சொல்லியவர் கற்றறிந்தவர். சொல்லிய காரணமும் கணக்கில் பிழையற்றது. ஆயினும் அக்கணக்கில் ஓர் இளைஞரின் நாற்பதாண்டு உழைப்புச் சேர்க்கப்படவில்லை. பாலாறும் இனிப் பிழையாது என்று கூறுவோரை நாம் நாள்தோறும் கேட்கின்றோம். அவர் கணக்கிலும் சேராத ஒன்று உண்டு. அது நம் உழைப்பு. நான்கு வல்லூறுகளுக்கு ஒருவர் போதுமாயின், ஓர் ஆற்றுக்கு ஒரு கல்லூரி போதாதோ?